வன்னியில் தொலைந்த சுயவிபரக் கோவையும் கடந்தகால அரச சேவையை ஏற்கச் செய்யும் வழியும்

வன்னியில் நீண்ட காலம் அரச சேவையாற்றிய பலருக்கு, ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கும்போதுதான், தமது சுயவிபரக் கோவையில், அதாவது ஒருவரின் சேவை பற்றிய தாள்களை அலுவலகம் சேர்த்துவைக்கும் தனிக்கோப்பில், 2010ஆம் ஆண்டுக்கு முந்திய தாள் ஒன்றுகூட இல்லை என்பது தெரியவருகிறது. 2008ஆம் ஆண்டில் சண்டை நெருங்க நெருங்க அலுவலகங்களும் மக்களோடு சேர்ந்து கிழக்கு நோக்கி நகர்ந்தன. கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்திடம் வீழ்ந்ததற்கு முன்பே கோவைகளில் ஒரு பகுதி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறியிருந்தது. ஏற்ற முடிந்தது கொஞ்சம், விட்டுச் சென்றது அதிகம், ஏற்றியதிலும் கரைசேர்ந்தது அரிது. சேவை நடந்தது உண்மை, அந்த ஆண்டுகள் முழுவதும் சம்பளம் கொடுத்ததும் அரசாங்கமே. ஆனால் அதைச் சொல்லும் காகிதம் அலுவலகத்தில் இல்லை. அந்தக் காகிதத் தொடரை மீண்டும் கட்டியெழுப்பி, கடந்த சேவைக்காலத்தை உரிய அதிகாரியைக் கொண்டு ஏற்கச் செய்வது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஆசிரியர்களைப் பற்றியவை. எழுதுவினைஞர், நீர்ப்பாசன ஊழியர், சுகாதார ஊழியர் ஆகியோருக்கும் முறை பெரிதாக மாறுபடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் சேவைக்காலத்தை உறுதிப்படுத்திக் கையொப்பமிடும் அதிகாரி உங்களை நேரில் அறிந்தவராக இருக்கலாம், உங்களிடம் படித்தவராகக்கூட இருக்கலாம். ஆனால் நாளைக்குக் கணக்காய்வு வந்து கேட்டால் அவர் காட்ட வேண்டியது தன் ஞாபகத்தை அல்ல, ஒரு தாளை. அந்தத் தாளை அவருடைய அலுவலகம் தொலைத்திருந்தால், இன்னோர் அலுவலகத்தில் பிறந்த தாளை நீங்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். “என்னுடைய கோவையைத் தேடித் தாருங்கள்” என்று எழுதும் கடிதம் ஆண்டுக்கணக்கில் மேசைக்கு மேசை அலைவதும், “இந்த ஆவணங்களின் அடிப்படையில் என்னுடைய வரலாற்றுத் தாளை மீளத் தயாரித்துத் தாருங்கள்” என்று எழுதும் கடிதம் நகர்வதும் இதனால்தான். வரலாற்றுத் தாள் என்பது ஒருவரின் நியமனம், இடமாற்றம், தரமுயர்வு, லீவு ஆகியவற்றைத் திகதிவாரியாகப் பதிந்த தாள். ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் தாபனக் கிளை மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

யாரிடம் விண்ணப்பிப்பது

கடைசியாகச் சேவையாற்றிய இடமே விண்ணப்பத்தின் வாசல். ஆயினும் பழைய சான்றுகள் இருக்கக்கூடிய இடம் வேறாக இருக்கும், ஏனெனில் வன்னியின் நிர்வாக எல்லைகளே பலமுறை மாறியுள்ளன. முல்லைத்தீவு 1978ஆம் ஆண்டிலும் கிளிநொச்சி 1984ஆம் ஆண்டிலும்தான் தனி மாவட்டங்களாகின. கிளிநொச்சிப் பகுதியில் அதற்கு முன் நியமனம் பெற்றவரின் முதற்கோவை யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்டிருக்கும். முல்லைத்தீவுப் பகுதியில் பெற்றவருடையது வவுனியாவிலோ மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்திருக்கும். ஓய்வுபெற்று இறந்துவிட்ட கணவரின் பழைய சேவையைத் தேடும் மனைவிமாருக்கு இந்த விபரம் பெரிதும் உதவும்.

அடுத்த பிரிவினை மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையிலானது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு, தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகளும் பெரும்பாலான வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ் வந்தன. அப்போது வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண சபையாக இருந்து, அதன் தலைமை நிர்வாகம் திருகோணமலையில் இயங்கியது. 2006ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2007 ஜனவரி முதலாம் திகதி இரண்டும் பிரிந்தன. வன்னியில் ஆவணங்கள் அழிந்துபோனவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: 1988 முதல் 2006 வரை வழங்கப்பட்ட நியமனங்கள், இடமாற்றங்கள், தரமுயர்வுகள் ஆகியவற்றின் அலுவலகப் பிரதி ஒன்று திருகோணமலைக்கு அனுப்பப்பட்டிருக்கும், அந்த நகரத்தின் கோவைகள் வன்னியின் கோவைகள் பட்ட பாட்டைப் படவில்லை. பிரிவினைக்குப் பின் வடக்குக்கு உரியவை வடமாகாண நிர்வாகத்திடம் வந்தன. ஆகையால் தேடலை வலயக் கல்விப் பணிமனையோடு நிறுத்திவிடாமல், மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

நீர்ப்பாசன ஊழியர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றுப்படுகை முழுவதும் ஒரே மாகாணத்துக்குள் அடங்கும் குளங்கள் மாகாணத் திணைக்களத்துக்கும், மாகாண எல்லையைக் கடக்கும் ஆறுகளிலிருந்து நீர்பெறும் குளங்கள் மத்திய திணைக்களத்துக்கும் உரியவை. எனவே இரணைமடுவில் வேலை செய்தவர் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், மன்னார்க் கட்டுக்கரைக்குளத்தில் வேலை செய்தவர் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் எழுத வேண்டியிருக்கும். 1988க்கு முந்திய காலத்தைப் பொறுத்தவரை இரணைமடுவும் மத்திக்கே உரியதாக இருந்தது. கச்சேரி, பிரதேச செயலகம், கிராம அலுவலர் சேவை ஆகியவை எப்போதும் மத்திய அரசின் கீழேயே இருந்துவருகின்றன.

ஆண்டு அட்டவணை

எவருக்கும் கடிதம் எழுதுவதற்கு முன், முதல் நியமனத் திகதியிலிருந்து இன்றுவரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி என்ற கணக்கில் ஓர் அட்டவணை தயாரியுங்கள். நிலையம், பதவி, தரம், சம்பளம் பெற்ற இடம், அந்த ஆண்டுக்குக் கையில் இருக்கும் சான்று, இல்லையேல் சான்று கிடைக்கக்கூடிய இடம் என்பவை பத்திகளாக அமையட்டும். ஞாபகத்திலிருந்து எழுதியதைப் பென்சிலாலும் தாள் உள்ளதைப் பேனாவாலும் எழுதினால், எங்கே இடைவெளி இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். திகதிகள் குழம்பும் இடங்களில் ஊர் நிகழ்வுகளைத் துணைக்கு அழைக்கலாம்: 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு வெளியேறியது, 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரைவிட்டு ஓடியது, 2002ஆம் ஆண்டில் ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் அது மீண்டும் மூடப்பட்டது ஆகியவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டுப் பார்த்தால், எந்த ஆண்டில் எந்தப் பாடசாலையில் கையொப்பமிட்டீர்கள் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சான்றுகளைத் தேடுதல்

நியமனக் கடிதத்தின் மூலப்பிரதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. பங்கருக்குள்ளும் மழையிலும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய கடிதங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஈரம் பட்டு எழுத்து மங்கியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தட்டச்சுப் பொறியில் நேரடியாக அடிக்கப்பட்ட கடிதமாயின் எழுத்தின் அழுத்தம் தாளின் பின்புறத்தில் மேடாகப் பதிந்திருக்கும். தாளைத் திருப்பி, பக்கவாட்டில் ரோச் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால், மை முற்றாகக் கரைந்துபோன கடிதத்திலும் தொடர் இலக்கத்தையும் திகதியையும் வாசிக்க முடிவதுண்டு. அந்தத் தொடர் இலக்கந்தான் நமக்கு வேண்டியது. பழைய கடிதங்களை லமினேற் செய்வது நம்மவர் பலருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள்: மேடாகக் குத்திய முத்திரை அதில் நசுங்கிவிடும், மூலப்பிரதியா போட்டோப் பிரதியா என்ற ஐயத்தையும் அது அதிகாரிக்குக் கொடுக்கும்.

நியமனக் கடிதமே இல்லாதவர்கள், அதே நாளில் நியமனம் பெற்ற சக ஆசிரியர்களைத் தேட வேண்டும். அக்காலத்தில் நியமனங்கள் தொகுதியாகவே வழங்கப்பட்டன; ஒரே தொகுதியில் உள்ளவர்களின் கடிதங்களில் திகதி, கடிதத் தலைப்பு, தொடர் இலக்கத்தின் முற்பகுதி ஆகியன ஒன்றாகவே இருக்கும். இடம்பெயர்வின் முன்னரே யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ மாற்றலாகிப் போன ஒருவரிடம் அவருடைய கடிதம் பத்திரமாக இருக்கக்கூடும். அவருடைய கடிதம் உங்கள் நியமனத்துக்கு நேரடிச் சான்றாகாது. எனினும் அதிலுள்ள இலக்கத்தைக் குறிப்பிட்டு, அந்தக் கோவையில் உங்கள் பெயரும் உள்ளதா என்று மாகாணத் திணைக்களத்தைக் கேட்க முடியும். குறிப்பிட்ட இலக்கத்தோடு வரும் கேள்விக்கு ஆவணக் காப்பறையில் ஒருவர் எழுந்து போய்ப் பார்ப்பார்.

2010க்குப் பிந்திய தாள்களைக் கவனியாமல் விடுவது பெரும் இழப்பு. அந்தச் சேவையின் விதித்தொகுப்பான இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு 2014 ஒக்டோபர் 23ஆம் திகதிய 1885/38ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியானது. அதன் கீழ் வழங்கப்பட்ட உள்ளீர்ப்பு, தரமுயர்வுக் கடிதங்கள் உங்களிடம் இருக்கும். தரமுயர்வு என்பது சேவைக்காலத்தை எண்ணித்தான் கொடுக்கப்படுகிறது; அப்படியானால் அந்தக் கடிதத்தை வழங்கிய அதிகாரசபை உங்கள் முதல் நியமனத் திகதியை ஏற்கனவே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வாதிட உங்களுக்கு இடமிருக்கிறது. இதேபோல, பொது நிர்வாகச் சுற்றறிக்கை 03/2016இன்படி எல்லோருக்கும் சம்பள மாற்றம் செய்யப்பட்டபோது, 2015 டிசெம்பர் 31ஆம் திகதி நீங்கள் எந்தச் சம்பளப் படிநிலையில் நின்றீர்கள் என்பது ஒரு தாளில் எழுதப்பட்டது. அந்தப் படிநிலையிலிருந்து ஆண்டுக்கொன்றாகச் சம்பள ஏற்றங்களைப் பின்னோக்கி எண்ணி, இடையில் கிடைத்த தரமுயர்வுகளையும் 06/2006ஆம் இலக்கச் சுற்றறிக்கையின்படி நடந்த சம்பள மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், எத்தனை ஆண்டுச் சேவைக்கு அரசாங்கம் ஏற்றம் கொடுத்திருக்கிறது என்பது வெளிவரும். சேவை இல்லாத ஆண்டுக்குச் சம்பள ஏற்றம் கிடைத்திருக்க முடியாது. இந்தக் கணக்கைத் தனித்தாளில் எழுதி இணைத்தவர்களின் விண்ணப்பம் வேறு மாதிரியாகப் பார்க்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

வன்னிக்கு வெளியே உங்கள் பெயர் பதிந்திருக்கக்கூடிய இடங்கள் பின்னும் பல. கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள ஓய்வூதியத் திணைக்களம் உங்களுக்கு விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தை வழங்கியபோது, நியமனத் திகதி எழுதிய விண்ணப்பம் ஒன்றைப் பெற்றிருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியராயின், கோப்பாய் ஆசிரியர் கலாசாலை போன்ற நிறுவனங்கள் அனுமதியின்போது உங்கள் சேவை விபரத்தைப் பதிந்திருக்கும். சண்டை நடந்த ஆண்டுகளிலும் வன்னியில் க.பொ.த. பரீட்சைகள் நடந்தன, பரீட்சைத் திணைக்களம் உங்களை மேற்பார்வையாளராகவோ நோக்குநராகவோ நியமித்த கடிதம், அந்த ஆண்டில் நீங்கள் ஆசிரியராக இருந்தீர்கள் என்பதற்கு மூன்றாம் தரப்பு ஒன்றின் சான்றாகும். இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ சம்பளம் வரவு வைக்கப்பட்ட பழைய பாஸ் புத்தகம், சம்பளத்துண்டு, இடர்கடன் ஒப்புதல், தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டு, ரயில் வரண்டின் அடித்துண்டு ஆகிய எதையும் அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளை எழுதும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் வரவு இடாப்பும் தப்பியிருந்தால், நீங்கள் கடமையேற்ற நாளின் பதிவை அதிபரைக்கொண்டு பிரதியெடுத்து, “மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது” என்று கையொப்பமும் திகதியும் இடச்செய்து பெற்றுக்கொள்ளுங்கள்.

சகபாடிகளின் சத்தியக் கடதாசிகள் கடைசியாக வர வேண்டியவை. அவை இடைவெளியை இணைக்குமேயன்றி, தனியே ஒரு சேவைக்காலத்தைத் தாங்கி நிற்கமாட்டா. எழுதுவதாயின் அதே பாடசாலையில் அதே ஆண்டில் கடமையாற்றிய அதிபர் அல்லது மூத்த ஆசிரியர் எழுதட்டும். தம்முடைய சேவை இலக்கத்தையும் தாம் அங்கே இருந்த காலத்தையும் அதில் குறிப்பிடட்டும். ஊரில் நல்லவர் என்று பெயரெடுத்த சமாதான நீதவானின் பாராட்டுப் பத்திரத்தால் இங்கு பயனில்லை.

இடம்பெயர்ந்த காலமும் எண்ணப்படாத காலமும்

அதிகம் சிக்கல் எழுவது இடம்பெயர்ந்த மாதங்களிலேயே. இடம்பெயர்ந்த அலுவலர்கள் போய்ச்சேர்ந்த இடத்திலுள்ள அலுவலகத்தில் தம்மைப் பதிந்து, அருகிலுள்ள பாடசாலையில் தற்காலிகமாக இணைக்கப்பட்டுச் சம்பளம் பெற்றனர். அந்த இணைப்புக் கடிதம் ஒரு சிறு துண்டுத்தாளாக, சில வேளை கையெழுத்தில், இருக்கும். அதன் பெறுமதி நியமனக் கடிதத்துக்குக் குறைந்ததல்ல. 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் மனிக்பாம் முகாமுக்குச் சென்றவர்கள் முகாமில் நுழைந்த திகதி, முகாமுக்குள் நடந்த பாடசாலையில் கற்பித்த காலம், மீள்குடியேறிய திகதி, மீண்டும் கடமையேற்ற திகதி ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதி, குடியேற்றம் தொடர்பான திகதிகளுக்குப் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலைப் பெற வேண்டும். நான்கையும் ஒன்றாக்கி “இடம்பெயர்வு காரணமாக” என்று ஒரே வரியில் எழுதினால், அந்தக் காலம் முழுவதும் சம்பளமற்ற லீவாகக் கணிக்கப்படும் அபாயம் உண்டு. சம்பளமற்ற லீவு ஓய்வூதியச் சேவைக்காலத்தைக் குறைத்துவிடும்.

இடம்பெயர்ந்து கடமைக்குச் சமுகமளிக்காத காலத்தில் உங்களுக்குப் பதவி வறிதாக்கல் அறிவித்தல், அதாவது பதவியைக் கைவிட்டவராகக் கருதும் அறிவித்தல், அனுப்பப்பட்டிருந்தால், அது உங்கள் கையில் கிடைக்காமலே போயிருக்கக்கூடும். மீளச் சேவையில் சேர்க்கப்பட்டவர்கள், இடைப்பட்ட காலம் எவ்வாறு கருதப்பட்டது என்பதைக் கட்டளைக் கடிதத்தில் வாசித்துப் பார்க்க வேண்டும். அதைப் பற்றிக் கடிதம் ஒன்றும் சொல்லாவிட்டால் இப்போதே கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது. ஓய்வுபெற்ற பின் அதே கேள்விக்கு விடை பெறுவது மிகக் கடினம்.

இனி, எண்ணப்படாத காலத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். தொண்டர் ஆசிரியராகச் சம்பளமின்றியோ, பெற்றோர் சேர்த்துக் கொடுத்த பணத்திலோ, வேறு அமைப்புகள் கொடுத்த ஊக்குவிப்புத் தொகையிலோ படிப்பித்த ஆண்டுகள் வன்னியில் பலருக்கு உண்டு. அந்த ஆண்டுகளில் பாடசாலைகள் திறந்திருந்ததற்கு அவர்களே காரணம் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆயினும் நிரந்தரமான, ஓய்வூதிய உரித்துள்ள நியமனத்தின் கீழ் வராத அந்தக் காலத்தை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கும்படி கோருவது, மற்றக் காலத்தின் மீதும் ஐயத்தை வரவழைத்துவிடும். அதைத் தொண்டர் சேவை என்றே தனியாகப் பதிந்து, அதிபரின் சான்றிதழோடு கோவையில் வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் அமர்த்தப்படும் சமயாசமய ஊழியராக இருந்து 25/2014ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின் கீழ் நிரந்தரமாக்கப்பட்டவர்கள், நிரந்தர நியமனத் திகதிக்கு முந்திய காலத்தைப் பற்றி அவர்களுடைய நியமனக் கடிதம் என்ன நிபந்தனை இட்டிருக்கிறது என்பதையே முதலில் வாசிக்க வேண்டும். 10 ஆண்டு ஓய்வூதியச் சேவை நிறைந்தாலே ஓய்வூதியம் என்பதால், பிந்தி நியமனம் பெற்றவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியமாகிறது.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போன்ற கூட்டுத்தாபனங்களிலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிலும் வேலை செய்தவர்களின் வழி இதுவன்று. அவர்களுக்குரியது ஊழியர் சேமலாப நிதி. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று, அங்கத்துவ இலக்கத்தைக் கொண்டு விசாரிக்க வேண்டும்.

பெயரும் திகதியும்

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னோர் எழுத்துக்கூட்டல், நியமனக் கடிதத்தில் முதலெழுத்து மாறிய மூன்றாவது வடிவம் என்பது நம்மவர்களிடையே சாதாரணம். திருமணத்துக்குப் பின் தந்தையின் பெயருக்குப் பதிலாகக் கணவரின் பெயரை வைத்த ஆசிரியைகளுக்கு இது இன்னும் கூடும். எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு, அவை அனைத்தும் ஒருவரையே சுட்டுகின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரே சத்தியக் கடதாசி முடித்து, விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக வையுங்கள். பிறந்த திகதியில் முரண்பாடு இருந்தால் சத்தியக் கடதாசி போதாது. பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிறப்புப் பதிவின் புதிய பிரதியைப் பெற்று, அதன்படி மற்றவற்றைத் திருத்த வேண்டும்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். துன்பத்தைச் சொல்லும் பந்திகள் வேண்டாம். வாசிக்கிற எழுதுவினைஞரும் அதே துன்பத்தினூடாக வந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். சேவையில் உள்ளவர் அதிபர் ஊடாகவும், ஓய்வுபெற்றவர் நேரடியாகவும், வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டுப் பின்வருமாறு எழுதலாம்:

“எனது சுயவிபரக் கோவை 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடம்பெயர்வின்போது அழிவடைந்துள்ளது. எனது முதல் நியமனத் திகதி முதல் இற்றைவரையான சேவை விபரம் இணைப்பு 1இலும், அதனை உறுதிப்படுத்தும் ஆவணங்கள் இணைப்பு 2 முதல் தொடர் இலக்கமிட்டும் சமர்ப்பிக்கப்பட்டுள்ளன. இவற்றின் அடிப்படையில் எனக்குப் பிரதிக் கோவை ஒன்றைத் திறந்து, வரலாற்றுத் தாளை மீளத் தயாரித்து, உரிய அதிகாரியின் உறுதிப்படுத்தலைப் பெற்றுத்தருமாறு வேண்டுகின்றேன். ஆவணம் போதாததாகக் கருதப்படும் காலப்பகுதி ஏதேனும் இருப்பின், அதனைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் அறியத்தரவும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். “ஆவணங்கள் போதாது” என்ற பொதுப்பதிலுக்கு மேன்முறையீடு செய்வது கடினம். “1996 ஒக்டோபர் முதல் 1997 மார்ச் வரை சான்றில்லை” என்ற பதிலைக் கொண்டு அடுத்த தேடலைத் தொடங்கலாம். மூலப்பிரதி எதையும் கடிதத்தோடு அனுப்ப வேண்டாம். உறுதிப்படுத்திய போட்டோப் பிரதிகளை அனுப்பி, மூலத்தை நேரில் காட்டுவதாகக் குறிப்பிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டையும், நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரையையும் பெற்றுக்கொள்ளுங்கள். கொழும்பிலுள்ள திணைக்களத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறும் உரிமையும் உங்களுக்குண்டு. இருந்தும் வேகம் வேண்டுமாயின் சிங்களத்தில் ஒரு சுருக்கத்தை இணைத்துவிடுவது நடைமுறைக்கு உகந்தது.

பதில் வராதபோது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்துவோர் இன்னும் குறைவு. அந்தந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். “என்னைப் பற்றிய கோவைகளின் விபரம்” என்று பரவலாகக் கேட்காமல், இன்ன இலக்கக் கோவையில் இன்ன திகதிய நியமனப் பட்டியலின் பிரதி என்று குறுக்கிக் கேளுங்கள். “அந்தக் கோவை எம்மிடம் இல்லை” என்ற பதில் வந்தால் மனந்தளர வேண்டாம்: கோவை தொலைந்தது உங்கள் தவறன்று என்பதற்கு அலுவலகமே கொடுத்த எழுத்துச் சான்று அது, பிரதிக் கோவை திறப்பதற்கான நியாயமும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

சேவைக்காலத்தை ஏற்க மறுத்துத் தீர்மானம் வந்தால், மாகாண அலுவலர்கள் மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடமும், மத்திய அலுவலர்கள் தமது திணைக்களத் தலைவர் ஊடாக அரசாங்க சேவை ஆணைக்குழுவிடமும் செல்ல வேண்டும். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை உள்ளது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பாராளுமன்றப் பொது மனுக்கள் குழுவுக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக மனுச் சமர்ப்பிக்கலாம். ஒரே நேரத்தில் எல்லா வாசலையும் தட்டுவதை நான் விரும்புவதில்லை. கோவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அறிக்கைக்காகப் போய்க்கொண்டேயிருக்கும், தீர்மானம் எடுக்க வேண்டியவரின் மேசையில் அது இருக்காது.

குடும்பத்தினர் விண்ணப்பிக்கும்போது

அலுவலர் இறந்திருந்தாலோ காணாமற்போயிருந்தாலோ, மேற்கூறிய ஆண்டு அட்டவணையையும் தேடலையும் மனைவி, கணவர் அல்லது பிள்ளைகள் செய்ய வேண்டியிருக்கும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தைக் கண்டுபிடிப்பதே அவர்களுக்கு முதல் வேலை. அது பழைய சம்பளத்துண்டுகளில் இருக்கும், இல்லையேல் பெயரையும் பிறந்த திகதியையும் கொடுத்து ஓய்வூதியத் திணைக்களத்தில் கேட்கலாம். திருமணச் சான்றிதழ் அழிந்திருந்தால் அதன் பிரதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

காணாமற்போனவர்களைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் பெறும் வழியும், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் கீழ் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறும் வழியும் உள்ளன. மரணம் என்று எழுதிய தாளில் கையொப்பமிட மறுக்கும் தாய்மாரையும் மனைவிமாரையும் எவரும் அவசரப்படுத்தக் கூடாது. இரண்டாவது சான்றிதழ் உருவானதே அவர்கள் மறுத்ததால்தான். எந்தச் சான்றிதழைப் பெறுவது என்று முடிவு செய்வதற்கு முன், எந்தக் கொடுப்பனவுக்கு எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சேவைக்காலத்தை உறுதிப்படுத்தும் விண்ணப்பம் அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; அதைத் தனியாக, இப்போதே, தொடங்கலாம்.

வரலாற்றுத் தாள் தயாராகி உறுதிப்படுத்தப்பட்டதும் அதன் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் அட்டவணையோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். கடமையேற்ற திகதிக்குப் பதிலாகக் கடிதத்தின் திகதி எழுதப்பட்டிருப்பதும், இணைப்பில் இருந்த காலம் விடுபட்டிருப்பதும், லீவு நாட்கள் இருமுறை கழிக்கப்பட்டிருப்பதும் நடக்கக்கூடியவை. சேவையில் இருக்கும்போதே, அதாவது 60 வயது நிறைவதற்கு முன், இவற்றைத் திருத்தினால் வலயப் பணிமனை மட்டத்திலேயே வேலை முடியும். ஓய்வூதியம் வழங்கப்பட்ட பின்னர் கண்டுபிடித்தால், திருத்திய வரலாற்றுத் தாளோடு ஓய்வூதியத் திணைக்களத்துக்கு மீள்கணிப்புக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அந்தக் கோரிக்கையும் நீங்கள் கடைசியாகச் சேவையாற்றிய அலுவலகத்தின் ஊடாகவே செல்ல வேண்டும்.